அடிபட்டு மூன்று மாதம், முழங்கால் மடங்குதில்லை: உருவி விடுவதா, சும்மா விடுவதா?

செங்கலடி_ஓடாவி | ஜூன் 4, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசிக்க மட்டும் வந்து போனவன். இன்றைக்கு எழுத வேண்டி வந்துவிட்டது.

பெப்ரவரி கடைசியில் ஒரு நாள், இரவு எட்டு மணி இருக்கும், பதுளை வீதியால் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். நடு ரோட்டில் ஒரு கறுத்த மாடு படுத்திருக்கிறது. லைட்டில் அதன் கண் மினுங்கின பிறகு பிறேக் பிடித்து என்ன பயன். மாட்டுக்கு ஒரு சேதமும் இல்லை, எழும்பி நடந்து போய்விட்டது. எனக்கு ஹேண்டில் வலது தொடையின் முன்பக்கம், சரி நடுவில், உலக்கையால் குத்தினதுபோல் அடித்தது. தோல் கிழியவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முறிவு இல்லை என்று பனடோலும் பூசுகிற ஜெல்லும் தந்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நாள் தொடை வீங்கி சாரம் கட்ட முடியவில்லை. ஒரு கிழமையில் முழங்கால் வரைக்கும் நீலம் இறங்கிவிட்டது. பத்து நாள் பாயில் கிடந்தேன். மறுகா அண்ணன், உருவி விடுகிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். சுடச்சுட எண்ணெய் ஊற்றி, இரண்டு பெருவிரலாலும் அழுத்தி மேலிருந்து கீழே உருவுவார். நான் துவாயைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். கடைசியில் குதிக்காலைப் பிடித்து ஒரு மடக்கு மடக்குவார். கட்டின ரத்தம் கரைய வேண்டுமாம். இருபத்தொரு நாள் போனேன். போய் வந்த இரவெல்லாம் நோவு கூடும். விடிந்தால் முழங்கால் முதல் நாளைவிட ஒள்ளுப்பம் குறைவாகத்தான் மடங்கும். அப்படியிருந்தும் போனேன், என் புத்தி அவ்வளவுதான்.

இப்போது சமதரையில் நொண்டாமல் நடப்பேன். ஆனால் கதிரையில் இருந்தால் வலது கால் முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது. குந்த முடியாது. ஓடாவி, அதாவது தச்சு வேலைக்காரன், குந்த முடியாவிட்டால் எப்படி உளி பிடிப்பது? கக்கூசுக்குக்கூட கொமட் இருக்கிற மச்சாள் வீட்டுக்குத்தான் போகிறேன், வெட்கக்கேடு. காலையில் எழும்பினால் தொடை பலகை மாதிரி.

இன்னும் உருவ வேண்டுமா, ஓய்வு எடுக்க வேண்டுமா? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

வாவிமீன் | ஜூன் 4, இரவு 9.41

மாட்டுக்காரன் வந்து எட்டியாவது பார்த்தானா மச்சான்? பார்த்திருக்க மாட்டான். உனக்கு ஏதாவது ஆகாமல் மாட்டுக்கு ஆகியிருந்தால் அடுத்த நாள் விடியவே வாசலில் நிற்பான்.

பழைய_கை | ஜூன் 4, இரவு 10.05

தம்பி, இருபத்தொரு நாள் போனது போதாது. நாற்பத்தொரு நாள் முடிக்க வேண்டும். எனக்கு 2009ல் கணுக்கால் சுளுக்கி யானைக்கால் மாதிரி வீங்கினது. வாழைச்சேனையில் எங்கள் பரிசாரியார் பத்துப் போட்டு, எண்ணெய் பூசித் தடவி, ஒரு மாதத்தில் எழுப்பி விட்டார். இங்கிலீஸ் மருந்து நோவை மறைக்கும், நரம்பை எடுத்து விடாது. விறைப்பு என்பது உள்ளே கட்டிக்கொண்ட வாயு. உருவாமல் அது எப்படிப் போகும்?

கல்லடி_பிசியோ | ஜூன் 5, காலை 6.10

வேலைக்குப் போகும் முன் அவசரமாக எழுதுகிறேன். ஓடாவித் தம்பி, உருவுவதை இன்றோடு நிறுத்துங்கள். மடக்கி விட யாரையும் விடாதீர்கள். பிறகு, இதற்குப் பதில் எழுதுங்கள்: தொடையில் அடிபட்ட இடத்தைத் தொட்டால் உள்ளே கட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா? அது அசைகிறதா? இரவில் சும்மா படுத்திருக்கும்போதும் நோகிறதா? காய்ச்சல், உடம்பு மெலிவு ஏதும் உண்டா? பெப்ரவரிக்குப் பிறகு இன்னொரு எக்ஸ்ரே எடுத்தீர்களா?

செங்கலடி_ஓடாவி | ஜூன் 5, மதியம் 12.50

மிஸ், கட்டி இருக்கிறது. தேசிக்காய் அளவு, கொஞ்சம் நீட்டாக. கல்லுப்போல, அசையாது. உருவுகிறவரும் அதைத்தான் கட்டின ரத்தம் என்று சொல்லி அந்த இடத்தையே கூட அழுத்துவார். முதல் மாதம் தொட்டாலே உயிர் போகும், இப்போது தொட்டால் பெரிதாக நோவதில்லை. இரவு நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரே அன்று எடுத்ததுதான்.

கல்லடி_பிசியோ | ஜூன் 5, இரவு 8.30

நினைத்தேன். காணாமல் முடிவு சொல்வது என் வழக்கமில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் பிழை.

தொடையின் முன்பக்கத்தில் பலமாக அடிபட்டால் தசைக்குள், எலும்பை ஒட்டி, ரத்தம் தேங்கும். சிலருக்கு அந்த ரத்தக்கட்டு கரைவதற்குப் பதிலாக அதற்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கும். மயோசைட்டிஸ் ஒசிஃபிகன்ஸ் என்று பெயர். தொடையிலும் முழங்கைக்கு மேலேயும்தான் இது கூடுதலாக வரும். அடிபட்ட புதிதில் சூடு வைத்து அழுத்தி உருவுவதும், பலவந்தமாக மடக்குவதும் இதைக் கூட்டிவிடும். ஆறிக்கொண்டிருக்கும் இடத்தை ஒவ்வொரு நாளும் புதிதாகக் காயப்படுத்துவது அது. அன்று எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்திருக்காது. மூன்று நாலு கிழமை போனால்தான் வெள்ளையாகப் படிவது தெரியும். ஆகவே டொக்டரிடம் போய், அடிபட்ட கதையையும் உருவின கதையையும் ஒளிக்காமல் சொல்லி, மறுபடி எக்ஸ்ரே கேளுங்கள். அரிதாக வேறு வகைக் கட்டிகளும் இதே தோற்றத்தில் வரும், அதனால்தான் டொக்டர் பார்க்க வேண்டும் என்கிறேன்.

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் விறைப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது ஒரே சரக்கு இல்லை. தசை நார் அறுந்த இடத்தில் முதல் சில நாள் வீக்கம், துப்புரவு வேலை. அடுத்த இரண்டு மூன்று கிழமையில் புது நார் முளைக்கும், கூடவே தழும்பும் வளரும். அளவாக அசைத்தால் அந்தத் தழும்பு இழுபடுகிற திசையில் வரிசையாகப் படியும். அசைக்காமல் போட்டு வைத்தால் தும்புத்தடியில் சிக்கின தலைமயிர்போலத் தாறுமாறாகப் பின்னிக்கொள்ளும். இது மாதக்கணக்கில் நடக்கிற வேலை. அது ஒரு வகை.

இன்னொன்றை நான் காவல் விறைப்பு என்பேன். மறுபடி நோகும் என்று மூளை தசையை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது. இதை வெருட்ட வெருட்ட அது இன்னும் இறுகும். நோவில் கத்துகிற ஆளின் தசை எப்படி இளகும், சொல்லுங்கள்.

அப்புறம் பலவீனம். தொடைத் தசை இரண்டு கிழமை சும்மா கிடந்தாலே கண்ணுக்குத் தெரிய வற்றிப் போகும். வற்றின தசை கொஞ்சம் வேலை செய்ததும் களைத்து இறுகும். ஆட்கள் அதையும் பிடிப்பு என்று நினைத்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குத் தேவை இழுப்பு இல்லை, வேலை.

பழைய_கை அண்ணனுக்கு: எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. ஆறின காயத்தில் மெதுவாகத் தடவினால் நோவு தணியும், ஆள் துணிந்து அசைப்பார். நல்லதுதான். பிழைப்பது இரண்டு இடத்தில்: முதல் நாட்களில் சூடும் அழுத்தமும், எந்த நாளிலும் பலவந்தமும். உங்கள் கணுக்காலைத் தடவினார், இவருடைய தொடையை நசித்திருக்கிறார்கள்.

பழைய_கை | ஜூன் 5, இரவு 9.15

தடவுவதற்கும் நசிப்பதற்கும் வித்தியாசம் எங்களுக்கும் தெரியும் தங்கச்சி. எங்கள் பரிசாரியார் வீக்கம் வற்றும் வரைக்கும் கை வைக்க மாட்டார், பத்து மட்டும்தான். கை வைக்கத் தெரியாதவன் வைத்தால் அது வைத்தியத்தின் பிழையா?

கல்லடி_பிசியோ | ஜூன் 5, இரவு 9.22

இல்லை. வீக்கம் வற்றும் வரைக்கும் கை வைக்காதவர் என்றால் அவருக்கு என் கும்பிடு.

அக்கரையூரான் | ஜூன் 6, மாலை 5.40

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மிஸ் இருக்கிற நேரமாகப் பார்த்து வாப்பாவின் கதையையும் கேட்டுவிடுகிறேன். வாப்பாவுக்கு 62 வயது, சீனி வருத்தம் பத்து வருடமாக. டிசம்பரில் வயலில் வரம்பு வழுக்கி இடது தோள் அடிபட விழுந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி இருந்தார். இப்போது தொழுகைக்குத் தக்பீர் கட்டும்போது வலது கை காதுக்குப் போகும், இடது கை நெஞ்சோடு நின்றுவிடும். சேட்டுக்கு உம்மாதான் கையை நுழைத்து விடுகிறா. இரவில் அந்தப் பக்கம் சரிந்தால் நித்திரை போச்சு. இதுவும் தசைப் பிடிப்பா?

கல்லடி_பிசியோ | ஜூன் 6, இரவு 9.02

வஅலைக்கும் ஸலாம் தம்பி. வாப்பாவை நிற்க வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கச் சொல்லுங்கள். அப்படியே முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள், கதவு திறக்கிறதுபோல. பிறகு நீங்கள் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அவர் திருப்பினாலும் நீங்கள் திருப்பினாலும் ஒரே இடத்தில் இடித்து நின்றால், மூட்டைச் சுற்றின உறை சுருங்கிப்போன உறைந்த தோளாக இருக்கலாம். அவரால் முடியாது, உங்கள் கையால் போகிறது என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம், அது வேறு பாதை. இரண்டையும் டொக்டர்தான் உறுதிப்படுத்த வேண்டும்.

சீனி வருத்தக்காரருக்கு உறைந்த தோள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும், நீண்ட நாளும் பிடிக்கும். முதலில் நோவு கூடும், பிறகு நோவு குறைந்து விறைப்பு மட்டும் நிற்கும், பிறகு மெல்ல இளகும். ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். நோவு கூடின காலத்தில் மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போட்டால் பலருக்கு நல்ல சுகம், ஆனால் சில நாளைக்குச் சீனி ஏறும், ஆகவே சீனி கிளினிக்கிலும் சொல்லிவிட்டுப் போட வேண்டும்.

வீட்டில்: மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, நோகிற கையைக் கிணற்று வாளி மாதிரித் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். மற்றது சுவர். சுவரைப் பார்த்து நின்று விரலால் எறும்பு ஏறுகிறதுபோல ஏறி, நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் திகதி. ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம், ஒவ்வொரு தரமும் ஐந்து நிமிடம் போதும். ஒரே மூச்சில் அரை மணித்தியாலம் வேண்டாம்.

அக்கரையூரான் | ஜூன் 7, காலை 7.30

திருப்பிப் பார்த்தோம் மிஸ். நான் பிடித்தாலும் அதே இடத்தில்தான் இடிக்கிறது. ஜஸாகல்லாஹ் கைரன். திங்கள் கூட்டிப் போகிறேன். சுவரில் கோடு கீறியாயிற்று, உம்மா பெயிண்ட் அடித்த சுவர் என்று சத்தம் போடுகிறா.

வெபர்_கோல்கீப்பர் | ஜூன் 7, மாலை 6.15

என் பிழையையும் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். போன வருடம் வெபர் மைதானத்தில் ஓடும்போது பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்ததுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நார் கிழிவு. முதல் மூன்று கிழமை ஐஸ், பண்டேஜ், படுக்கை. நோவு போய்விட்டது. நோவு போனால் சுகம் என்று நினைத்து நேரே மட்சுக்கு இறங்கினேன். இருபதாவது நிமிடம் அதே இடம் மறுபடி. இரண்டாவது தரம் நாலு மாதம் எடுத்தது.

இரண்டாவது முறை எங்கள் கோச் மைதானத்துக்குள் விடவே இல்லை. முதலில் நடை, பிறகு படி, பிறகு மெதுவான ஓட்டம், பிறகு அரை வேகம். இரண்டு காலும் ஒரே பலம் வரும் வரைக்கும் பந்தைத் தொட விடவில்லை. பின்தொடைக்கு அவர் தந்த ஒரே உடற்பயிற்சி: முழந்தாளில் நின்று, ஒருவர் பின்னால் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மரம் சாய்கிறதுபோல முன்னுக்கு மெதுவாகச் சாய்வது. மெதுவாக என்பதில்தான் உயிர் போகும். முதல் நாள் மூன்று தரம் செய்து அடுத்த நாள் கக்கூசில் இருந்து எழும்ப முடியவில்லை.

அப்புறம் ஐஸ் பற்றி. ஓய்வு, ஐஸ், அழுத்தக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்று நாங்கள் மந்திரம்போலச் சொல்கிறோமே, அதை 1978ல் எழுதினவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டொக்டர். அவரே 2014ல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைப் பிந்தப் பண்ணலாம் என்று எழுதிவிட்டார். முதல் நாள் நோவுக்குக் கொஞ்சம் ஐஸ் வைக்கலாம். மாதக்கணக்காக வைத்துக்கொண்டிருப்பதில் ஒன்றும் இல்லை.

கல்லடி_பிசியோ | ஜூன் 7, இரவு 8.44

கோல்கீப்பர் தம்பிக்கு ஒரு மேலதிகச் செய்தி, டீமில் சொல்லுங்கள். தொடையின் முன்பக்கம் முழங்கால் இடிபட்டுக் கண்டிப்போனால் உடனே, அந்த நிமிடமே, முழங்காலை நோவு தாங்கும் மட்டும் நன்றாக மடக்கி, பண்டேஜால் அப்படியே சுற்றி 24 மணித்தியாலம் வைக்க வேண்டும். நீட்டின காலைவிட மடக்கின காலில் தசை இழுபட்டு நிற்பதால் உள்ளே ரத்தம் தேங்க இடம் குறைவு, பிறகு மடக்கமும் சீக்கிரம் திரும்பும். நம் ஆட்கள் செய்வது நேர் எதிர்: காலை நீட்டித் தலையணை வைத்துப் படுக்க விடுவது.

கொக்கட்டிச்சோலையான் | ஜூன் 8, காலை 10.20

எல்லாம் சரி, பிசியோ பிசியோ என்கிறீர்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்து பாருங்கள். 2014ல் மண்முனைப் பாலம் திறந்ததால் முந்திய மாதிரி வாவி கடக்கிற படகுப் பாதைக்குக் காத்து நிற்கத் தேவையில்லை, அது பெரிய காரியம். ஆனாலும் மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. வரிசையில் மூன்று மணித்தியாலம். உள்ளே பத்து நிமிடம். கையில் ஒரு தாள், அதில் படம் போட்டுக் கை கால். அடுத்த திகதி ஒரு மாதம் கழித்து. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், அங்கே இருக்கிறவர்களும் என்ன செய்வார்கள், ஆள் இல்லை.

மனைவிக்கு மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை பிளாஸ்டர். கழற்றினால் கை கத்தரிக்காய்க் காம்பு. விரல் பொத்த மாட்டாது. தாளில் உள்ளதை இரண்டு நாள் செய்தாள், மூன்றாம் நாள் தாள் அடுப்படியில் போத்தலுக்கு அடியில். குறை சொல்ல முடியாது, மூன்று பிள்ளைகள்.

பிறகு மாமிதான் ஒரு வழி கண்டுபிடித்தா. பிட்டுக்கு மா குழைக்கிற வேலையை அவளிடமே விட்டுவிட்டா. வெதுவெதுப்பான தண்ணீர், ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமாகத் தெளித்து, விரலால் உதிர்த்து உதிர்த்து. முதல் நாள் கால் மணித்தியாலத்து வேலை முக்கால் மணித்தியாலம் ஆனது, பிட்டு கட்டி கட்டியாக இருந்தது, எல்லோரும் வாய் திறக்காமல் சாப்பிட்டோம். மறுகா துணி பிழிதல். கைக்குட்டையில் தொடங்கி, துவாய், இப்போது பெட்சீட். தாளில் உள்ளதெல்லாம் அதற்குள் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கல்லடி_பிசியோ | ஜூன் 8, இரவு 9.10

நீங்கள் சொன்ன வரிசையில் உள்ளே இருக்கும் ஆள் நான்தான் அண்ணே, வேறு ஆஸ்பத்திரியாக இருந்தாலும். பத்து நிமிடத்தில் நான் என்ன உருவி விட்டாலும் மிச்ச இருபத்து மூன்று மணித்தியாலம் ஐம்பது நிமிடத்துக்கு அது ஈடாகாது. மாமி செய்தது என்னுடைய தாளைவிடத் திறம். பிளாஸ்டர் போட்டிருக்கும்போதே விரலையும் தோளையும் அசைத்திருந்தால் இந்தக் காம்புக் கதையில் பாதி வந்திருக்காது. அதைப் போடும் அன்றைக்கே சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்துப் பிழை.

ஒன்றைக் கவனியுங்கள்: கை மினுங்கி, நிறம் மாறி, வியர்த்து, துணி பட்டாலே எரிகிறது என்றால் அடுத்த திகதி வரைக்கும் பார்த்திருக்க வேண்டாம்.

வார்டு_தாதி | ஜூன் 9, அதிகாலை 2.35

நைட் டியூட்டி. சுருக்கமாக.

பிளாஸ்டர் போட்டு அல்லது நாட்கணக்கில் படுத்து இருந்தவருக்கு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சுட்டு, நொந்தால் உருவவே கூடாது. ரத்தக்கட்டி ரத்தக்குழாய்க்குள் இருக்கலாம், நெஞ்சுக்குப் போனால் ஆள் இல்லை. உடனே ஆஸ்பத்திரி. பிளாஸ்டருக்குள் தாங்க முடியாத நோவு, விரல் மரத்துப் போதல், அதுவும் உடனே. நாரி (இடுப்பு) அடிபட்டவருக்குச் சலம் (சிறுநீர்) போவது தெரியாமல் போனால், குந்தி இருக்கிற பின்பக்கம் மரத்தால், அதுவும்.

மற்றது, காய்ச்சலோடு உடம்பு உளைவு என்றால் பார்மசியில் டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. பனடோல் மட்டும், பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்துக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. வயலில் இறங்கினவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை பிடித்து நொந்து கண்ணும் சிவந்தால் அது வேலை அலுப்பு என்று எண்ணெய் பூசிக்கொண்டிருக்க வேண்டாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். இந்தப் போகத்திலும் பிந்தி வந்தவர்களைப் பார்த்தேன்.

களுவாஞ்சிகுடி_ரீச்சர் | ஜூன் 11, மாலை 4.50

எனக்கு அடிபட்டே இரண்டு வருடம். பஸ் திடீரென்று பிறேக் போட்டதில் நாரி பிடித்தது. எம்.ஆர்.ஐ. வரைக்கும் எடுத்தேன். முள்ளந்தண்டுத் தட்டு விலகி இருக்கிறதாம். அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து நான் குனிவதில்லை. வாளி தூக்குவதில்லை. வகுப்பில் சோக் விழுந்தால் பிள்ளைகள் எடுத்துத் தருவார்கள். நோவு குறையவும் இல்லை. சில நாள் மழைக்குணம் வந்தாலே கூடுகிறது. இதை எல்லாம் வாசித்த பிறகு யோசிக்கிறேன், இரண்டு வருடமாக ஆறாத காயம் ஒன்று உண்டா?

கல்லடி_பிசியோ | ஜூன் 11, இரவு 9.35

ரீச்சர், கேள்வியை நீங்களே சரியாகக் கேட்டுவிட்டீர்கள். மூன்று மாதம் தாண்டின நோவில் பல நேரம் காயம் ஆறியிருக்கும், காவல்காரன் மட்டும் வீட்டுக்குப் போகாமல் நிற்பான். பூனை நடந்தாலும் கள்ளன் என்று கத்துவான். நோவு பொய் என்று சொல்லவில்லை. நோவு உண்மை, ஆனால் ஒவ்வொரு நோவும் புதுச் சேதம் இல்லை.

தட்டு விலகல் பற்றி ஒரு கணக்கு. நாரி நோவே இல்லாத ஆட்களை ஸ்கான் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதுக்காரரில் நூற்றுக்கு 30 பேருக்கும், 80 வயதில் நூற்றுக்கு 84 பேருக்கும் தட்டு பிதுங்கித்தான் இருந்தது. நரை மாதிரி ஒன்று. கால் பலவீனம், மரத்தல், சலப் பிரச்சினை ஏதும் இல்லை என்று உங்கள் டொக்டர் சொல்லியிருந்தால், குனியப் பயப்பட வேண்டியதில்லை. சோக்கில் தொடங்குங்கள். முதலில் கதிரையில் இருந்தபடி குனிந்து எடுப்பது. பிறகு நின்று. பிறகு ஒரு கொப்பி, ஒரு கட்டுக் கொப்பி, கால் வாளித் தண்ணீர். நோவைப் பத்துக்குப் போட்டால் மூன்று நாலு வரை வரலாம், அடுத்த நாள் காலையில் பழைய அளவுக்குத் திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் அரைவாசியாகக் குறைக்க வேண்டும், விட்டுவிடக் கூடாது.

செங்கலடி_ஓடாவி | ஜூன் 20, இரவு 7.55

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. டொக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்புக்கு முன்னால், தசைக்குள், முட்டைக்கோது மாதிரி ஓரம் வெள்ளையாக, நீட்டாக ஒரு துண்டு. எனக்குக்கூடத் தெரிந்தது. மிஸ் சொன்னதேதான். ஓரம் தெளிவாக இருப்பது நல்ல அடையாளமாம், முற்றிக்கொண்டு வருகிறதாம். வெட்டி எடுக்கத் தேவையில்லை, பலருக்குத் தானாகச் சிறுக்கும், அப்படி வெட்டுவதென்றாலும் முற்றாமல் வெட்டினால் மறுபடி வளரும் என்றார். மூன்று மாதம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே.

உருவுகிறவரிடம் போய்ச் சண்டை பிடிக்க அண்ணன் வெளிக்கிட்டார். நான் வேண்டாம் என்றேன். அவர் காசுகூடச் சரியாக வாங்கவில்லை, வெற்றிலையும் நூறு ரூபாயும்தான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்க் காட்டினேன். கனநேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு தேத்தண்ணி தந்தார்.

இனி நான் என்ன செய்ய, மிஸ்?

கல்லடி_பிசியோ | ஜூன் 20, இரவு 9.18

மல்லாக்கப் படுத்துத் தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள், பத்துத் தரம். பிறகு சீமெந்துத் தரையில் இருந்து, குதிக்காலுக்கு அடியில் ஒரு சொப்பிங் பேக்கை வைத்து, உங்கள் சொந்தப் பலத்தில் காலைப் பின்னுக்கு இழுங்கள். பேக் வழுக்கிக்கொண்டு வரும். கையால் பிடித்து இழுக்கக் கூடாது, இன்னொருவர் தள்ளக் கூடாது. இழுவை தொடங்குகிற இடத்தில் நிறுத்திப் பத்து மூச்சு. காலையும் மாலையும். நடையை விடாதீர்கள். கொஞ்சம் இளகின பிறகு சைக்கிள், சீற்றை உயர்த்தி வைத்துத் தொடங்கி, கிழமைக்கு ஒரு விரல் உயரம் இறக்குங்கள்.

அளவு எடுக்க என்னிடம் உள்ள கருவி உங்களிடம் இல்லை. ஆனால் ஓடாவிக்கு அளக்கச் சொல்லித் தர வேண்டுமா? மல்லாக்கப் படுத்து, இழுத்த குதிக்காலுக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் எவ்வளவு என்று கிழமைக்கு ஒரு தரம், ஞாயிறு காலை, அளந்து எழுதுங்கள். தினமும் அளந்தால் பைத்தியம் பிடிக்கும்.

பழைய_கை | ஜூன் 21, காலை 8.05

நாற்பத்தொரு நாள் முடிக்கச் சொன்னவன் நான்தான். மன்னித்துக்கொள் தம்பி. கட்டி இருந்தது எனக்குத் தெரியாது, நீயும் முதலில் எழுதவில்லை. எங்கள் பரிசாரியார் இருந்திருந்தால் தொட்ட உடனே சொல்லியிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன், அது வேறு.

செங்கலடி_ஓடாவி | ஓகஸ்ட் 31, இரவு 8.12

அளவு கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தார்கள். மேசன் கோலால்தான் அளந்தேன், சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் கடைசியில் இரண்டு சாண். ஜூலை முதல் மூன்று கிழமையும் ஒரு நூல்கூட அசையவில்லை. விட்டுவிடத்தான் நினைத்தேன். நாலாவது கிழமை நாலு விரல் குறைந்தது. அதன்பிறகு கிழமைக்கு இரண்டு விரல், சில கிழமை சும்மா. ஒரு நாள் பலகை லோட் இறக்கின பேராசையில் மறுநாள் இரண்டு விரல் பின்னுக்குப் போனது, நாலு நாளில் திரும்பிவிட்டது. இன்று காலை ஒரு சாணும் இரண்டு விரலும். கட்டி இருக்கிறது, தேசிக்காய் கொஞ்சம் வற்றின தேசிக்காய் ஆகியிருக்கிறது.

முழுதாகக் குந்த இன்னும் முடியாது. ஒரு அடி உயரத்தில் சின்ன வாங்கு ஒன்று அடித்திருக்கிறேன், அதில் இருந்து உளி பிடிக்கிறேன். பத்து நாளைக்கு ஒரு தரம் அதன் காலில் ஒரு அங்குலம் அரிந்து குறைக்கிறேன். வாங்கு இப்போது ஒன்பது அங்குலத்தில் நிற்கிறது. மச்சாள் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

வாவிமீன் | ஓகஸ்ட் 31, இரவு 8.30

வாங்கு கால் முடிந்தால் பலகையையும் அரிவாயா மச்சான்? மாட்டுக்காரன்?

செங்கலடி_ஓடாவி | ஓகஸ்ட் 31, இரவு 8.33

வரவில்லை. மாடு வந்தது. நேற்றும் அதே இடத்தில்தான் படுத்திருந்தது.